ஒரே பெயரில் இரண்டு கட்டங்கள்

1. சிரிக்காத வகுப்பு

கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றபின் வீட்டில் சும்மா உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. காரைக்காலிலேயே ஒரு தொலைநிலைக் கல்வி மையத்தில் பகுதிநேரமாகச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் அந்த மையம் இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் படிப்பவர்கள் வார இறுதியில் வருவார்கள். கொஞ்ச நாளில் பல்கலைக்கழகம் எல்லா வகுப்பையும் ஆன்லைனுக்கு மாற்றிவிட்டது. மாடிப்படி ஏற வேண்டாம், மூட்டுவலிக்கு நல்லதுதானே என்று நானும் சரி சொல்லிவிட்டேன்.

முதல் நாள் கஞ்சி போட்ட பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பெயர்கள். ஒரு கட்டத்திலாவது முகம் இருக்க வேண்டுமே, கிடையாது. டேட்டா தீர்ந்துவிடும் என்று எல்லோரும் கேமராவை அணைத்து வைத்திருந்தார்கள். சரி, போகட்டும் என்று நானும் என் கேமராவைத் திறக்காமலேயே குறைந்துசெல் பயன்பாட்டு விதியை ஆரம்பித்தேன். அந்தப் பாடத்துக்கு என்னிடம் ஒரு பரோட்டா நகைச்சுவை உண்டு. முதல் பரோட்டா அமிர்தம், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவது கடமை, நாலாவது தண்டனை. இதைச் சொன்னால் கல்லூரியில் கடைசி பெஞ்சிலிருந்து சிரிப்பு கிளம்பி முன்வரிசைக்கு வரும். எத்தனையோ வருஷம் அந்தச் சிரிப்பை நம்பியே அந்தப் பாடத்தை ஓட்டியிருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் மியூட்டில். "கேக்குதா?" என்றேன். சாட்டில் ஆங்கில எழுத்தில் "எஸ் மேம்" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துப் பேசுவது போலப் பேசி முடித்து, லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், மாணவர்களுக்கு அது தெரியும். அன்று வந்தது கோபம் மட்டும் இல்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் விசிறிக்குக் கீழே பாய்ந்து இடம் பிடிக்கும் அந்த வகுப்பறை எனக்கு வேண்டும்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

2. ஒரு வாக்கிய அட்டென்டன்ஸ்

அட்டென்டன்ஸை சாப்ட்வேரே எடுத்துக்கொள்ளும், நீங்கள் சிரமப்பட வேண்டாம் என்றார் எங்கள் ஒருங்கிணைப்பாளர் சந்திரமௌலி. அது எடுத்துக்கொள்ளட்டும், நானும் எடுப்பேன் என்றேன். ஆனால் "பிரசன்ட் மேம்" என்று சொல்லக் கூடாது. பெயர் கூப்பிட்டதும் மைக்கைத் திறந்து, உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்ன தெரிகிறதோ அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். போன வகுப்பில் சொன்னதையே திரும்பச் சொன்னால் ஆப்சென்ட். சந்திரமௌலி கேட்டுவிட்டு, "பாலர் பள்ளி மாதிரி இருக்கே மேடம்" என்று சிரித்தார். இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டேன்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் கூச்சப்பட்டார்கள். "ஃபேன் ஓடுது மேடம்", "செவுரு தெரியுது மேடம்." அப்புறம் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். காரைக்கால்மேட்டிலிருந்து ஒருவர், "கிழிஞ்ச வலையத் தச்சுக்கிட்டிருக்கேன் மேடம், கைதான் இங்க, காது உங்ககிட்ட" என்பார். வரிச்சிக்குடியிலிருந்து ஒரு பெண், நடவு முடிந்து வரப்பில் உட்கார்ந்தபடி, "கால்ல சேறு காஞ்சிருக்கு, போன்ல சார்ஜ் கம்மியா இருக்கு" என்பாள். வலையையும் நடவையும் விட்டுவிட்டு மாடிப்படி ஏறி என்னிடம் வந்து படிக்க இவர்களால் முடிந்திருக்காது. ஆன்லைன் வகுப்பை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம், நானே திட்டுகிறேன். ஆனால் இவர்களை எனக்குக் கொடுத்தது அதுதான்.

திட்டுவதற்கும் காரணம் உண்டு. மழை பிடித்தால் வரிச்சிக்குடி காணாமல் போய்விடும். பாதிப் பாடத்தில் குரல் இழுத்து இழுத்து ரோபோ மாதிரி கேட்கும். பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "என்னடா சொல்றாங்க?" என்று கேட்க முடியாது. இடைவேளையில் கீழே இறங்கி டீ குடித்துக்கொண்டே என்னைக் கிண்டல் செய்ய முடியாது. மூன்று வருஷம் சேர்ந்து படித்தவர்கள் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும் ஒருவரையொருவர் தெரியாது. எனக்குப் பெரிய குறை வேறு. புரியவில்லை என்பதை முதலில் சொல்வது மாணவரின் கண். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நான் பாடத்தை நிறுத்துவேன், திரும்பச் சொல்வேன். இங்கே குருட்டாம்போக்கில் ஓட்ட வேண்டியிருந்தது.

அந்த வகுப்பில் ஜொஹரா என்று ஒரு பெண் இருந்தாள். படுக்கையில் விழுந்த மாமனார், சின்னக் குழந்தை, பாதி நாள் கால்வலியில் முடங்கும் மாமியார். கணவர் நூருதீன் குவைத்தில், பக்காலா என்று அங்கே சொல்லும் மளிகைக் கடையில் வேலை. பிளஸ் டூவோடு நின்ற படிப்பை அவள் ஆன்லைனில் தொடர்ந்துகொண்டிருந்தாள். எதற்காகப் படிக்கிறாய் என்று ஆரம்பத்தில் எல்லாரிடமும் கேட்பேன். அவள் யோசிக்காமல் பதில் சொன்னாள்: "டிகிரி முடிச்சா எனக்கு இங்கேயே வேல கெடைக்கும் மேடம். இன்ஷா அல்லாஹ், அவங்க ஊருக்கு வந்துடலாம்."

அவளுடைய அட்டென்டன்ஸ் வாக்கியத்துக்காக நானே காத்திருப்பேன். "முருங்க பூத்திருக்கு மேடம், கொல்ல பூரா வெள்ளையா உதிர்ந்து கெடக்கு." "மவ மண்ணத் தின்னுட்டு என்ன நல்லவ மாதிரி பாக்குறா." "மாமாவ வெயில்ல உக்கார வச்சிருக்கேன், காக்காவோட பேசிக்கிட்டிருக்காங்க." வகுப்பு நடக்கும்போது அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கான பாங்குச் சத்தம் அவள் மைக் வழியாக வரும். பொதுவாக, சத்தம் வந்தால் நான் அந்த ஆளை உடனே மியூட் செய்துவிடுவேன். அவள் அதற்கு முன்பே தானாக மியூட் செய்துகொள்வாள்.

3. ஏற்றுமதி

திரையில் ஜொஹராவின் பெயர் சில நாள் இரண்டு கட்டங்களில் தெரியும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெட் போய்த் திரும்பி வந்தால் பழைய கட்டம் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், இது எல்லாருக்கும் நடப்பதுதான்.

ஒரு நாள் வெளிநாட்டு வாணிபம் நடத்தினேன். பொருள் வெளியே போகும், பணம் உள்ளே வரும், அது ஏற்றுமதி. அடுத்து, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிச் சொல்லி, இதன் நன்மை தீமை என்ன என்று கேட்டேன். வழக்கமாகச் சாட்டில் புத்தக வரி வந்து விழும். அன்று ஜொஹரா மைக்கைத் திறந்தாள்.

"மேடம், ஏற்றுமதின்னா பொருள் போவும், பணம் வரும்னீங்க. எங்க வீட்டுல ஆளு போயி பணம் வருது. அத ஏன் புத்தகத்துல ஏற்றுமதின்னு போடல? நன்மன்னு வந்த பணத்த எழுதிட்டாங்க. போன ஆள எங்கேயும் எழுதலயே மேடம். என் மவ அவங்கள போனுக்குள்ள இருக்குறவங்கன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கா. கட்டில்ல வெறும் போன வச்சுட்டு 'வாப்பா தூங்குறாங்க'ங்குறா."

நான் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதே அவளுடைய இரண்டாவது கட்டத்தில் மைக் விளக்கு எரிந்தது. வண்டிகளின் ஹாரன், யாரோ அரபியில் யாரையோ கூப்பிடும் சத்தம். அதற்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல், மெதுவாக, "யா அல்லாஹ்" என்றது.

ஜொஹரா ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "மச்சான்?"

அவர்கள் பக்கத்தில் கணவரை மச்சான் என்று கூப்பிடுவார்கள். அந்த இரண்டாவது கட்டம் சட்டென்று மறைந்தது. அன்று நான் வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டேன்.

4. பள்ளி மோதினார்

மறுநாள் ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பேசியவர் நூருதீன். தப்பு முழுக்கத் தன் பேரில், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளை ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொன்னார். எப்படி உள்ளே வந்தீர்கள் என்றேன், கொஞ்சம் கடுமையாகத்தான்.

விஷயம் மிகச் சாதாரணம். விண்ணப்பம் போடும்போது ஜொஹரா தன் கணவரின் மின்னஞ்சலையும் குவைத் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். அவள் தெருவில் அதுதான் வழக்கம். கேஸ் புக்கிங் முதல் பள்ளிக்கூட ஃபீஸ் வரை எல்லாவற்றிலும் சபுராளியின் நம்பர்தான் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் ஆளை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ஆள் வீட்டில் இல்லாததால் பேப்பரிலாவது இருக்கட்டும் என்பதுபோல. அதனால் ஒவ்வொரு வகுப்புக்கும் லிங்க் அவருக்குத்தான் போகும். அவர் அதை ஜொஹராவுக்கு அனுப்புவார். ஒரு நாள் அனுப்பிவிட்டு, தானும் அதைத் தட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே போனால் ஜொஹராவின் பெயரிலேயே ஒரு கட்டம். அங்கே அது மதிய இடைவேளை நேரம். அதற்குப் பிறகு முடிந்த நாளெல்லாம் வந்திருக்கிறார்.

"படிக்கிறாளான்னு வேவு பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அய்யய்யோ, இல்ல மேடம். போன்ல பேசுனா, மாமாவுக்கு மாத்திர வாங்கியாச்சு, புள்ளைக்குக் காய்ச்ச வுட்டுடுச்சு, வச்சிடவான்னு கேப்பா. அவ்வளவுதான். முருங்க பூத்ததெல்லாம் என்கிட்ட சொல்ல மாட்டா. உங்ககிட்டதான் சொல்றா. அதக் கேக்கத்தான் வந்தேன். ஒரு நாளு அஸர் பாங்கு கேட்டுச்சு மேடம். எங்க பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினார் கொரலு. இழுத்துட்டு நடுவுல ஒரு தடவ மூச்சு வாங்குவாரு. அதக் கேட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?"

"சரி, வைங்க, பாக்கலாம்" என்றேன். போனை வைத்த பிறகும் அந்த மோதினாரின் மூச்சையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

5. மாடிப்படி ஏறி வந்தவள்

அதற்குள் விஷயம் சந்திரமௌலியிடம் போய்விட்டது. ஒரே பெயரில் இரண்டு இடத்திலிருந்து நுழைபவர்களை அந்த சாப்ட்வேர் காட்டிக் கொடுத்துவிடும். விதிப்படி அது ஆள்மாறாட்டம். அவர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால் அந்த வருஷம் ஜொஹரா தேர்வு எழுத முடியாது. ஒரு வருஷம் போனால் அதற்குப் பிறகு அவள் படிப்பாளா என்பதே சந்தேகம். மாமியாருக்குக் கால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தது. கணவரை ஊருக்கு அழைத்துவரத்தான் அந்தப் பெண் படிக்கிறாள். அவள் குரலைக் கேட்க அவர் வந்ததாலேயே அந்தப் படிப்பு போகப் பார்த்தது.

சந்திரமௌலியிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "நாளைக்கு ஆடிட் வந்தா யார் மேடம் பதில் சொல்றது? அந்தப் பொண்ணுதான் கிளாஸ அட்டென்ட் பண்ணுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நேரில் வரச் சொல்லுங்கள், நீங்களே கேள்வி கேளுங்கள் என்றேன்.

ஜொஹரா வந்தாள். குரலை வைத்து உயரமான பெண்ணாக நான் கற்பனை செய்திருந்தேன். வந்தவள் சின்ன உருவம், இடுப்பில் குழந்தை, படி ஏறியதில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து, "மேடம், உங்க கொரல வச்சு நீங்க குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நாளில் ஒரு மாணவி என்னைக் கிண்டல் செய்தது அதுதான் முதல் தடவை.

சந்திரமௌலி பாடத்திட்டத்தைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் சொன்னாள். பயன்பாட்டு விதியைக் கேட்டபோது பரோட்டாவையும் சேர்த்துச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். என் நகைச்சுவைக்கு ஒருவழியாகச் சிரிப்பு கிடைத்தது. கடைசியில், மின்னஞ்சலையும் நம்பரையும் அவள் பெயருக்கு மாற்ற வேண்டும், இனி இப்படி நடக்காது என்று எழுதித் தர வேண்டும், அத்தோடு விட்டுவிடுகிறேன் என்றார். அப்பாடா என்று இருந்தது.

வாசல் வரைக்கும் அவளோடு வந்தேன். உன் வீட்டுக்காரர் மேல் கோபமா என்று கேட்டேன். அவர் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். அவள் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள்.

"கோவந்தான் மேடம். வூட்டுல நான் மருமவ, புள்ளைக்கு உம்மா, போன்ல அவங்களுக்குப் பொண்டாட்டி. உங்க கிளாஸ்ல மட்டுந்தான் நான் நானா பேசுனேன். அவங்க கேப்பாங்கன்னு தெரிஞ்சா அப்புடிப் பேசியிருப்பேனா?"

பிறகு குரல் தணிந்து சொன்னாள்: "முருங்க பூத்திருக்குன்னு அவங்ககிட்ட சொன்னா அன்னிக்கு ராத்திரி பூரா தூங்க மாட்டாங்க மேடம். காலையில மூட்ட தூக்கணும். அதான் சொல்றதில்ல."

அவர் ஏங்குவாரே என்று இவள் சொல்லாமல் விட்டதைக் கேட்கத்தான் அவர் திருட்டுத்தனமாக வந்து உட்கார்ந்திருக்கிறார். இருவருக்கும் நடுவில் ஒரு கடல், அதோடு இது வேறு. போய்ட்டு வாம்மா என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரம் முதல் ஜொஹராவுக்கு ஒரே கட்டம்தான். பெயர் கூப்பிட்டால் வாக்கியம் சொல்வாள். முன்பு போலவே சொன்னாள். நான்தான் அந்த இன்னொரு கட்டத்தை எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன்.

6. கடைசி வகுப்பு

ஜொஹரா நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள், இன்னும் கிடைக்கவில்லை. அந்தப் பிரிவின் மாணவர்கள் எல்லாரும் ஒரு தடவை கடைசியாக ஆன்லைனில் சந்திக்கலாம் என்று நான் கூப்பிட்டிருந்தேன். அதற்கு முந்தைய நாள் அவள் போன் செய்தாள். "மேடம், அவங்களுக்கும் லிங்க் அனுப்பட்டுமா? அவங்க பேருலயே வருவாங்க." தாராளமா அனுப்பு என்றேன்.

வந்தார். நூருதீன் என்று ஒரு கட்டம். நான் வழக்கம்போல் அட்டென்டன்ஸ் எடுத்தேன். வலை, வரப்பு, ஃபேன் எல்லாம் வந்தது. ஜொஹரா முறை வந்தபோது, "கொஞ்சம் பொறுங்க மேடம், கடைசியா சொல்றேன்" என்றாள். அடுத்து நான் நூருதீனைக் கூப்பிட்டேன்.

"நான் ஸ்டூடன்ட் இல்லையே மேடம்."

"என் கிளாஸுக்கு வந்தா சொல்லித்தான் ஆவணும். உக்காந்திருக்குற எடத்துல என்ன தெரியுது?"

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"ஜன்னல் இல்ல மேடம். குடோன் இது. அரிசி மூட்ட அடுக்கியிருக்கு. மேல ஒரு டியூப் லைட்டு. பகல்லயும் எரியணும், இல்லன்னா இருட்டு. இங்கதான் படுக்கை."

ஜொஹராவின் மைக் திறந்தது. "இத்தன வருசத்துல ஒரு தடவகூட இத என்கிட்ட சொன்னதில்லையே நீங்க. கேட்டா நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதானே சொன்னீங்க."

"நீ தூங்க மாட்டல்ல" என்றார் அவர்.

அப்புறம் ஜொஹராவின் கட்டத்தில் வெளிச்சம் வந்தது. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அவள் கேமராவைத் திறந்ததே இல்லை. அவள் முகம் தெரியவில்லை. போனைத் திருப்பிப் பிடித்திருந்தாள். ஒரு கொல்லைப்புறம், காய்த்துத் தொங்கும் முருங்கை, நாற்காலியில் வெயில் காயும் பெரியவர், அவர் காலடியில் மண்ணைக் கிண்டிக்கொண்டு குழந்தை. "இதான் மேடம் என் அட்டென்டன்ஸ்" என்றாள். அப்போது பாங்கு ஆரம்பித்தது.

புதிதாக ஆன்லைனில் பாடம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு என்னிடம் பெரிய பாடம் ஒன்றும் இல்லை. அட்டென்டன்ஸை சாப்ட்வேரிடம் விடாதீர்கள். எதிரில் இருக்கும் கட்டத்தைப் பார்த்து, எங்கே இருக்கிறாய், என்ன தெரிகிறது என்று தினமும் கேளுங்கள். வகுப்பறையில் அதைக் கண்ணே பார்த்துக்கொள்ளும், இங்கே வாயைத் திறந்துதான் கேட்க வேண்டும். யாரும் கேட்காமலேயே சில பேர் வருஷக்கணக்கில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்று மோதினார் இழுத்தார், நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கினார். பாங்கு முடியும் வரைக்கும் நான் யாரையும் மியூட் செய்யவில்லை.